பகிடி என்னும் கொடுமை: தன்பாலீர்ப்புடைய பிள்ளைகளும் நமது கல்விச் சமுதாயமும்

வலிகாமம் கிழக்கின் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த அச்சுவேலியை அறிந்தவர்கள், அவ்வூரார் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உழைத்த அளவுக்குத் தம் பிள்ளைகளின் படிப்புக்கும் உழைத்தவர்கள் என்பதை அறிவார்கள். சைவ வித்தியாசாலைகளும் கிறிஸ்தவ மிஷன் பாடசாலைகளும் ஒன்றோடொன்று போட்டியிட்டு வளர்ந்த குடாநாட்டில், மத்திய கல்லூரியும் புனித திரேசாள் மகளிர் கல்லூரியும் உடைய இவ்வூர் ஒரு விதிவிலக்கன்று. தரம் 5 புலமைப்பரிசிலில் தொடங்கிக் க.பொ.த. உயர்தரத்தில் முடியும் நெடிய ஓட்டமே இங்கு ஒரு பிள்ளையின் பாலியப் பருவம் என்று சொல்லிவிடலாம். அவ்வோட்டத்தில் பின்தங்கும் பிள்ளையைக் குறித்து வறுமை, போர், இடப்பெயர்வு, தாய்தந்தையரின் வெளிநாட்டு வாசம் எனப் பல காரணங்களை நாம் ஆராய்ந்திருக்கிறோம். ஆயினும், தன் நடையாலோ குரலாலோ மனச்சாய்வாலோ ஏனைய பிள்ளைகளினின்றும் வேறுபட்டிருப்பதனால் நாள்தோறும் பரிகசிக்கப்பட்டு, அப்பரிகாசத்தினாலேயே கல்வியையும் சிலவேளை உயிரையும் இழக்கும் பிள்ளையைக் குறித்து நாம் எழுதியது மிகச் சொற்பம்.

அத்தகைய பிள்ளை அச்சுவேலியில் மட்டும் இருப்பதன்று. எந்த ஒரு பள்ளியையும் குறித்து இங்கு குற்றம் சுமத்துவதும் என் நோக்கமன்று. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்த தேசங்களிலும் கிடைக்கும் சான்றுகளை ஒருங்கு வைத்து நோக்கி, குடாநாட்டின் ஒரு கல்வியூருக்கு அவை உணர்த்துவது யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் பணி. அதன் முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்பிள்ளைகள் படும் துன்பத்துக்குக் காரணம் அவர்களது சுபாவமன்று, அதனை இகழ்வோரது செய்கையே, அவ்விகழ்ச்சியும் பிள்ளைகளின் இயல்பான குறும்பிலிருந்து பிறந்ததன்று, அதனைக் கண்டும் பேசாதிருக்கும் பெரியோரது மௌனத்தை அனுமதியாகப் பெற்று வளர்ந்ததே.

பகிடியின் சொரூபம்

பாடசாலைகளில் ஒரு பிள்ளையைப் பிற பிள்ளைகள் வதைத்தலை முதன்முதலிற் சாஸ்திர முறையில் ஆராய்ந்தவர் நோர்வே தேசத்து உளவியலாளர் டான் ஒல்வேயஸ். 1970களில் தொடங்கிய அவரது ஆய்வுகள், சாதாரணச் சண்டைக்கும் இவ்வதைக்கும் உள்ள பேதத்தைத் தெளிவுபடுத்தின: துன்புறுத்தும் எண்ணம் இருத்தல், அது திரும்பத் திரும்ப நிகழ்தல், துன்புறுவோன் எதிர்க்க இயலாத வலுவின்மை உடையவனாயிருத்தல் என்னும் மூன்றும் கூடினால் அது விளையாட்டாகாது. நமது வழக்கிலோ இம்மூன்றும் கூடிய செயலுக்கும் "சும்மா பகிடிக்கு" என்னும் ஒரே சமாதானம் போதுமானதாக இருந்து வருகிறது.

குடாநாட்டில் அப்பகிடி எடுக்கும் வடிவங்களை விவரிக்க வேண்டியதில்லை. பள்ளி சென்ற எவரும் அவற்றைக் கேட்டிருப்பர். ஒருவனுக்குப் பட்டம் தெளிப்பார்கள்; அப்பட்டம் அவனது இயற்பெயரை விழுங்கிவிடும். ஒன்பது என்னும் எண்ணையே வசையாக்குவார்கள்; கணித வகுப்பில் அவ்வெண் வரும்போதெல்லாம் பின்வாங்கிலிருந்து சிரிப்பு எழும்பும். இல்ல விளையாட்டுப் போட்டியில் அவனை எவரும் தம் அணியிற் சேரார். மலசலகூடத்துக்குத் தனியே போக அஞ்சி, காலை முதல் பள்ளி விடும்வரை தாகத்தை அடக்கிக்கொண்டிருப்பான். பள்ளி விட்டபின் ரியூசன் கொட்டிலிலும், அங்கிருந்து திரும்பும் ஒழுங்கையிலும், வீடு வந்து சேர்ந்த பின்னர்க் கைத்தொலைபேசியிலும் அதே சிரிப்பு தொடரும். முன்னைய தலைமுறையில் வீட்டு வாசலில் நின்றுவிட்ட வதை இக்காலத்திற் படுக்கையறை வரை செல்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. இவ்வாறு வதைக்கப்படும் சிறுவன், தன் மனம் எவரை நாடுகிறது என்பதைத் தானே அறியும் பருவத்தை அடைவதற்கு முன்னரே வதைக்கப்படுகிறான். எட்டு வயதுப் பிள்ளைக்குக் காமமும் தெரியாது, காதலும் தெரியாது. "பெட்டை மாதிரி நடக்கிறான்" என்பதே அவன் மீதான குற்றச்சாட்டு. ஆதலால் இவ்விகழ்ச்சியின் இலக்கு ஒழுக்கம் என்று கொள்ளுதல் பொருந்தாது. ஆண் இப்படித்தான் இருக்கவேண்டும், பெண் இப்படித்தான் இருக்கவேண்டும் என்னும் சமுதாயக் கட்டளையைச் சிறுவர்கள் தம்முள்ளே காவல் செய்கிறார்கள் என்பதே உண்மை. பின்னாளில் பெண்ணை மணந்து பிள்ளைகளைப் பெறப்போகும் மென்மையான சுபாவமுடைய பையனும் இதே பட்டத்தைச் சுமக்கிறான்.

பெண்பிள்ளையின் நிலை வேறு. அவளை ஒழுங்கையில் நிறுத்திப் பட்டம் கூறுவோர் குறைவு. அவளுக்குரிய வதை வீட்டுக்குள்ளே, பாதுகாப்பு என்னும் பெயரில் நிகழ்கிறது. தோழிக்கு எழுதிய கடிதமோ குறுஞ்செய்தியோ கண்டுபிடிக்கப்பட்டவுடன் தொலைபேசி பறிக்கப்படும்; படிப்பு இடையில் நிறுத்தப்படும்; "ஊர் என்ன சொல்லும்" என்னும் அச்சத்தில் கலியாணப் பேச்சு விரைவுபடுத்தப்படும். சத்தமில்லாத காரணத்தால் இவ்வதை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இவ்விஷயத்துக்கு இலக்கியச் சாட்சியும் உண்டு. கொழும்பிற் பிறந்து கனடாவிற் குடியேறிய ஷியாம் செல்வதுரை 1994ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ஃபனி போய்' என்னும் நாவலில், அர்ஜி என்னும் தமிழ்ச் சிறுவன் பெண்பிள்ளைகளோடு கூடி மணப்பெண் வேடமிட்டு விளையாடியதற்காக முதலிற் சொந்தக் குடும்பத்தாராலேயே வெட்கத்துக்கு உள்ளாக்கப்படுகிறான். பின்னர், அவனை ஆண்பிள்ளையாக்கும் பொருட்டுத் தகப்பனார் கண்டிப்பு மிக்க வேறொரு கல்லூரிக்கு அவனை மாற்றுகிறார். இனக்கலவரத்தின் நெருப்பும் இவ்வீட்டு நெருப்பும் ஒரே பிள்ளையைச் சூழ்ந்தெரிவதைக் காட்டிய அந்நூல், 2020இல் தீபா மேத்தாவினால் திரைப்படமாக்கப்பட்டது.

தீங்கு செல்லும் வழி

பகிடியினால் விளையும் தீங்கை அளந்து காட்டும் ஆய்வுகளில் நமக்கு மிக அண்மையிலுள்ளது தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையோடு சென்னையின் சகோதரன் அமைப்பு நடத்தி 2019இல் வெளியான அவ்வாய்வில், பாலியல் சிறுபான்மையினரான 371 இளைஞர் தம் பள்ளி அனுபவத்தைக் கூறினர். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டோர் நூற்றுக்கு 60 பேர். ஆரம்பப் பள்ளியிலேயே பாலியல் தொந்தரவுக்கு ஆளானோர் நூற்றுக்கு 43 பேர். இவற்றைப் பள்ளி அதிகாரிகளிடம் முறையிட்டோர் நூற்றுக்கு 18 பேர் மாத்திரமே. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், தாம் படிப்பைக் கைவிட்டமைக்கு இவ்வதை முக்கிய காரணம் என்றனர். மொழியாலும் பண்பாட்டாலும் பள்ளி முறையாலும் நம்மோடு நெருங்கிய ஒரு சமுதாயத்தின் கணக்கு இது.

இவற்றுள் என்னை மிகவும் நிறுத்திச் சிந்திக்கவைப்பது 18 என்னும் எண்ணே. அடிபட்ட பிள்ளை முறையிடாததன் காரணம் வெளிப்படை: "ஏன் உன்னை அப்படிச் சொன்னார்கள்?" என்று உபாத்தியாயர் கேட்பார், அக்கேள்விக்கு விடை கூறுவது அடியைக் காட்டிலும் அச்சந் தருவது, விடை வீட்டுக்கு எட்டினால் அங்கு இன்னொரு தண்டனை காத்திருக்கும். சாதி பற்றியோ சமயம் பற்றியோ இகழப்பட்ட பிள்ளை வீட்டுக்கு ஓடினால் அங்கே அதே சாதியும் அதே சமயமும் உடைய தாய் அணைத்துக்கொள்கிறாள். இப்பிள்ளைக்கோ தன்னைப் போன்ற ஒருவர் தன் வீட்டிலேயே இல்லை. ஏனைய சிறுபான்மையினர் பலரினின்றும் இவர்களைப் பிரிக்கும் பேதம் இதுவே.

இத்தனிமை உடம்புக்குள்ளும் மனத்துக்குள்ளும் செய்யும் வேலையை அமெரிக்க ஆய்வாளர் இலான் மேயர் 2003இல் ஒரு கோட்பாடாக வகுத்தார். நேரே படும் அடியும் வசையும் முதற்படி. அடுத்த அடி எப்பொழுது விழுமோ என்ற ஓயாத எதிர்பார்ப்பு இரண்டாம்படி. தன்னை மறைத்துக்கொள்வதற்காக நடை, குரல், பார்வை அனைத்தையும் சதா காவல் செய்தல் மூன்றாம்படி. உலகம் கூறும் இகழ்ச்சியைத் தானும் நம்பித் தன்னைத் தானே வெறுத்தல் இறுதிப்படி. இவ்வாறு நாள் முழுதும் தன்னைக் காத்துக்கொண்டிருக்கும் மனத்தில் பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் எஞ்சுவது எவ்வளவு என்பதைப் பெற்றோர் எண்ணிப்பார்க்க வேண்டும். "கெட்டிக்காரப் பிள்ளை, ஏனோ ஓ.எல். வகுப்பில் விழுந்துவிட்டான்" என்று நாம் வியந்த பலருள் சிலருக்கு விடை இங்கே இருத்தல் கூடும்.

வீட்டின் பங்கு பள்ளியின் பங்கிலும் பெரிது. கலிபோர்னியாவில் கேட்லின் றயனும் சகாக்களும் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தாராற் கடுமையாக நிராகரிக்கப்பட்ட இளையோர், அவ்வாறு நிராகரிக்கப்படாத அல்லது சிறிதளவே நிராகரிக்கப்பட்ட தன்பாலீர்ப்புடைய இளையோரைக் காட்டிலும், தற்கொலைக்கு முயன்றதாகக் கூறியமை எட்டு மடங்குக்கு மேற்பட்டிருந்தது. மனச்சோர்வு ஏறத்தாழ ஆறு மடங்கு. ஒப்பிடப்பட்ட இரு சாராரும் ஒரே சுபாவத்தினர் என்பதை ஊன்றி நோக்குக. சுபாவமே நாசத்துக்கு வித்தாயின் இரு சாராரும் ஒருபடித்தாக அழிந்திருக்க வேண்டும். வீடு ஏற்றுக்கொண்டபோது ஒரு பிள்ளை வாழ்கிறது. வீடு தள்ளியபோது அதே பிள்ளை சாவை நாடுகிறது.

இந்தியாவில் இரு மரணங்கள் அண்மையில் அத்தேசத்தின் மனச்சாட்சியை உலுக்கின. 2022 பெப்ரவரியில் ஹரியானா மாநிலத்தின் பரீதாபாத் நகரில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், பல ஆண்டுகளாகப் பள்ளியிற் பட்ட வதையின் பின் உயிர் துறந்தான். 2023 நவம்பரில் மத்தியப் பிரதேசத்தின் உஜ்ஜயினியில் 16 வயதுப் பையன் ஒருவன், ஒப்பனை செய்து சேலை உடுத்தித் தான் வெளியிட்ட காணொளியின் கீழ் முன்பின் அறியாதோர் ஆயிரக்கணக்கில் எழுதிய வசைகளுக்குப் பின்னர் இறந்தான். 1990களின் நடுவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களுள் ஒன்றைக் கொண்டிருந்த நமது நாட்டில், அக்காலத்து இளையோர் மரணங்களின் பின்னே இக்காரணம் எத்தனையில் ஒளிந்திருந்தது என்பதை எந்த மரண விசாரணையும் எழுதிவைக்கவில்லை. எழுதக் குடும்பங்கள் விட்டிருக்கவும் மாட்டா.

நோய் என்னும் எண்ணம்

பிள்ளையை நேசிக்கும் பெற்றோர் செய்யும் கொடுமை பெரும்பாலும் சிகிச்சை என்னும் உருவத்தில் வருகிறது. நேர்த்தி வைத்தல், நூல் கட்டுதல், பேயோட்டுதல், செபக்கூட்டத்துக்குக் கொண்டுசெல்லல், முடிவில் வைத்தியரிடம் மாத்திரை கேட்டல் என்று இப்பாதை நீளும். வைத்திய சாஸ்திரத்தின் தீர்ப்போ அரை நூற்றாண்டுக்கு முன்னரே தெளிவாகிவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து 1973இல் நீக்கிற்று. உலக சுகாதார ஸ்தாபனம் 1990 மே 17இல் அவ்வாறே செய்தது. இலங்கையின் மனநல மருத்துவர் கல்லூரியும் 2021இல் இது நோயன்று என்று பகிரங்கமாக அறிவித்தது.

நோயில்லாத இடத்திற் செய்யப்படும் சிகிச்சையே நோயை உண்டாக்கும். இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம், பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சை எனப்படுவதைத் தொழில் ஒழுக்கக்கேடு என 2022இல் பிரகடனஞ் செய்தமைக்குப் பின்னே ஒரு சென்னை வழக்கு உண்டு. பெற்றோரின் நெருக்குதலுக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு இளம்பெண்களின் மனுவை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இவ்விஷயத்தில் முன்முடிவுகள் இருந்தமையை ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து பாடங் கேட்டு, அதன் பின்னரே 2021 யூன் 7ஆந் திகதி தம் ஆணையை வழங்கினார். சிகிச்சை என்ற பெயரிலான வதையைத் தடை செய்த அவ்வாணை, பள்ளிகளில் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் இதுபற்றி அறிவூட்ட வேண்டும் என்றும் விதித்தது. ஓர் உயர்நீதிமன்ற நீதிபதி மாணாக்கராகி அமரக் கூசாத விஷயத்தில், ஒரு பள்ளி அதிபரோ கிராம சேவையாளரோ கூசுவதற்கு இடமில்லை.

சட்டத்தின் நிழல்

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஆக்கியது. அதன் 365ஆம் பிரிவும் 365அ பிரிவும் ஒரே பாலைச் சேர்ந்த வயது வந்தோர் இருவர் மனமொத்துக் கூடுவதையும் குற்றமாக்குகின்றன. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் இதனைத் தளர்த்துவதற்குப் பதிலாகப் பெண்களையும் உள்ளடக்கும்படி விரித்தது. இந்தியா இதன் சோதரப் பிரிவாகிய 377ஐ வயது வந்தோரின் மனமொத்த உறவைப் பொறுத்தவரை 2018 செப்டெம்பர் 6இல் நீக்கிவிட்டது. இங்கோ, 2016இல் ஒரு மேன்முறையீட்டைத் தீர்த்த உயர் நீதிமன்றம், மனமொத்த வயது வந்தோரின் அந்தரங்கத்தில் அரசு புகலாகாது என்னும் தற்காலக் கருத்தை எடுத்துரைத்தபோதும் குற்றத் தீர்ப்பை உறுதி செய்தது. 2022இல் பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு, றொசானா பிளேமர் கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில் இச்சட்டம் சமவாயத்துக்கு முரணானது என்று கண்டது. 2023 மே மாதத்தில், பிரேம்நாத் சி. தொலவத்த கொணர்ந்த திருத்த மசோதா அரசியலமைப்புக்கு முரணாகாது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தும், அது நிறைவேறாமலே 2024இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது.

பள்ளிப் பிள்ளைக்கும் இப்பிரிவுகளுக்கும் சம்பந்தம் என்ன என்று வினவலாம். சம்பந்தம் பெரிது. சட்டம் குற்றம் என்று கூறும் ஒன்றைக் குறித்து ஆசிரியர் ஆறுதல் கூற அஞ்சுகிறார். ஆலோசனை ஆசிரியர் பேச்சை மாற்றுகிறார். 2018 நவம்பரில் நாட்டின் ஜனாதிபதியே அரசியல் எதிரிகளை, தன்பாலீர்ப்புடையோரை இகழும் சொல்லாகிய வண்ணத்துப்பூச்சிகள் என்று மேடையிற் கேலி செய்தார். நாட்டின் தலைமைப் பதவியிலிருப்பவர் பகிரங்கமாகக் கூறும் பகிடியைப் பத்தாந்தர மாணவன் கூறலாகாது என்று எந்த ஆசிரியர் கண்டிப்பார்? 2022 யூனில், தமிழ்நாட்டிலிருந்து வந்த இளம்பெண்ணையும் அவர் தேடிவந்த தோழியையும் அக்கரைப்பற்றுப் பொலிசார் நீதிமன்றத்தில் நிறுத்த, இருவரும் மனநலப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட செய்தி வெளியாயிற்று. அதனைத் தொலைக்காட்சியிற் கண்ட பதினாறு வயதுப் பெண்பிள்ளை என்ன பாடத்தைக் கற்றிருப்பாள் என்பது சொல்லாமலே விளங்கும்.

அச்சுவேலிக்கு இவ்விடத்தில் ஒரு தனிச் சம்பந்தம் உண்டு. நீதிமன்றத்தால் அனுப்பப்படும் சிறுவருக்கான சான்றுபெற்ற பாடசாலை இவ்வூரில் இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், களவு முதலிய குற்றம் புரிந்தோரை மாத்திரமன்றிப் பெற்றோரின் கட்டுக்கு அடங்காதோரையும், தீய சகவாசத்துக்கோ ஒழுக்க ஆபத்துக்கோ உட்பட்டோரையும் நீதிமன்றத்தின் முன் கொணர இடமளிக்கிறது. கட்டுக்கு அடங்காமை, ஒழுக்க ஆபத்து என்னும் சொற்றொடர்கள் எவ்வளவு அகன்றவை! வதை தாளாது வீட்டை விட்டோடும் பிள்ளையும் அச்சொற்களுக்குள் அடங்கிவிடும். ஆதலால், நன்னடத்தை அலுவலர் ஒருவர் தம்முன் நிற்கும் பிள்ளை ஏன் ஓடினான் என்பதைக் கேட்டறியும் பயிற்சியுடையவராயிருத்தல் இன்றியமையாதது. காரணத்தை அறியாமற் செய்யும் சீர்திருத்தம், துன்புற்றவனையே மீளவும் தண்டிப்பதாகும்.

பிள்ளைக்கு அரணாக உள்ள சட்டங்களும் இல்லாமலில்லை. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவு சிறுவருக்குக் கொடுமை இழைத்தலைக் குற்றமாக்குகிறது. கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பள்ளியில் உடற்தண்டனையை விலக்கியது. 1998இல் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தை நடத்துகிறது. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதைக்குப் பலியான பின்னரே, அதனைத் தண்டிக்கும் சட்டம் 1998இல் வந்தது. ஓர் உயிர் போன பின்பே பகிடி குற்றமென்று தெளிந்த சரித்திரம் இன்னொரு முறை வேண்டியதில்லை.

ஆட்சேபங்கள்

இவ்வாறு எழுதுவோரை நோக்கிக் கூறப்படும் மறுப்புகளை நேர்மையோடு ஆராய்தல் கடன்.

இது மேனாட்டிலிருந்து வந்த பழக்கம் என்பது முதலாவது. மேனாட்டிலிருந்து வந்தது அதனைக் குற்றமாக்கிய சட்டக்கோவையே என்பதற்கு 1883 என்னும் ஆண்டு சான்று. வீட்டில் எவரும் கற்பிக்காமலே, பள்ளியில் எவரும் பேசாமலே, தண்டனைக்கு அஞ்சியும் மாறாமலே ஒவ்வொரு தலைமுறையிலும் சிலரிடத்துத் தோன்றும் ஒன்றைப் பழக்கம் என்றல் பொருந்தாது.

சிறுவரைக் கெடுக்கும் காமுகர்க்கு இது இடங்கொடுக்கும் என்பது இரண்டாவது. இதுவே பெற்றோரின் உண்மையான அச்சம். சிறுவரைத் துர்ப்பிரயோகஞ் செய்வோர் ஆணாயினும் பெண்ணாயினும் எவரை நாடுவோராயினும் கடுந்தண்டனைக்கு உரியவரே. 16 வயதுக்குட்பட்டோரைக் காக்கும் சட்டத்தில் ஓர் எழுத்தும் குறையலாகாது. ஆனால் அக்காமுகர்க்கு உண்மையில் உதவுவது யாது? துர்ப்பிரயோகத்துக்கு ஆளான பையன், தன்னையும் "அப்படிப்பட்டவன்" என்று ஊர் சொல்லுமே என்று வாயடைத்து நிற்கிறானே, அந்த இழிவுணர்ச்சியே குற்றவாளியின் காவல். முன்கூறிய தமிழ்நாட்டு ஆய்வில் ஆரம்பப் பள்ளியிலேயே பாலியல் தொந்தரவுக்கு ஆளானோர் நூற்றுக்கு 43 பேர் என்பதையும், முறையிட்டோர் 18 பேரே என்பதையும் அருகருகே வைத்து நோக்கினால், இகழ்ச்சி சிறுவரைக் காப்பதில்லை, கைவிடுகிறது என்பது புலனாகும்.

சமயம் இதனை ஏற்காது என்பது மூன்றாவது. உயிருக்கு ஆண் பெண் என்னும் பேதமில்லை, உடம்புக்கே அப்பேதம் என்பது சைவசித்தாந்தங் கற்றோர் அறிந்த பாடம். கத்தோலிக்க திருச்சபை இவ்வுறவை ஏற்காதபோதும், அச்சபையின் 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல், இச்சாய்வுடையோரை மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்கவேண்டும் என்றும் அநியாயமான பாரபட்சம் காட்டலாகாது என்றும் விதிக்கிறது. இவ்விரு மார்க்கத்தாரும் அருகருகே வாழும் அச்சுவேலியில், பிள்ளையை இகழ்வோர் தம் சமயத்தைத் துணைக்கழைத்தல் அச்சமயத்தை அறியாமையே.

போரினால் அனைத்தையும் இழந்த சமுதாயத்துக்கு இதனிலும் பெரிய கவலைகள் உண்டு என்பது நான்காவது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, அந்நெருக்கத்தில் இத்தகைய பிள்ளைகளும் மூட்டை சுமந்து நடந்தார்கள். இழப்பில் நம்மோடு பங்குகொண்டவர்கள் மீட்சியிற் பங்குபெறக் கூடாதென்பதற்கு நியாயமில்லை.

சமாசனம் கற்பித்த பாடம்

யாழ்ப்பாணத்தார் பள்ளி வாங்கைக் குறித்து ஒருமுறை கடுமையாகப் போராடியிருக்கிறார்கள். 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் ஏனையோரோடு ஒரே வாங்கில் அமரலாமா என்பதே குடாநாட்டின் பெருங்கேள்வி. அதுவரை அவர்கள் தரையில் இருத்தப்பட்டார்கள். சிலவிடங்களில் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அரசின் உதவி பெறும் பாடசாலைகளிற் சமாசனம் வேண்டும் என்று ஆணை பிறந்தபோது, கற்றறிந்த பெரியோர் பலர் அதனை எதிர்த்து மனு எழுதினர். சில பள்ளிகள் எரியூட்டப்பட்டன. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் அக்காலத்தில் தீண்டாமைக்கு எதிரே நின்றது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தும், 1960களின் இறுதியில் ஆலயக் கதவுகளின் முன் போராட்டம் தொடர வேண்டியிருந்தது.

அன்று எழுந்த ஆட்சேபங்களை எடுத்துப் பார்த்தால், இன்றைய ஆட்சேபங்களின் சாயல் அவற்றில் முழுதும் தெரியும்: இது பிறர் தூண்டியது, மற்றப் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள், மரபு அழியும், இதற்கு இன்னும் காலம் வரவில்லை. இரண்டும் எல்லா வகையிலும் ஒத்தவை என்பது என் வாதமன்று. சாதி குடும்பத்தோடு சுமப்பது. இது தனியே சுமப்பது. ஆயினும் அச்சரித்திரம் இரண்டு உண்மைகளை நிலைநாட்டுகிறது. பிள்ளையின் அவமானம் மரபு என்ற காரணத்தால் நியாயமாகிவிடாது என்பது ஒன்று. மனங்கள் யாவும் மாறும்வரை காத்திராமல் வாங்கை முதலிற் சமமாக்கிவிட்டால், அடுத்த தலைமுறையின் மனம் அவ்வாங்கிலிருந்தே வளரும் என்பது மற்றொன்று.

செய்யத்தக்கன

பிற தேசங்களின் அனுபவம் இரு திசையிலும் பாடந் தருகிறது. பிரித்தானியா 1988இல் தன் 28ஆம் பிரிவினால் உள்ளூராட்சி அமைப்புகள் இவ்விஷயத்தை ஊக்குவிக்கலாகாது என விதிக்க, ஆசிரியர் வாய் மூடினர். வதையைக் கண்டும் பேசலாமா என்று தயங்கினர். 2003இல் அது முற்றாக நீங்கும்வரை ஒரு தலைமுறை அம்மௌனத்தில் வளர்ந்தது. நம்மவர் பெருந்தொகையாக வாழும் ஒன்ராறியோ மாகாணம் 2012இல் வேறு வழியிற் சென்று, இப்பிள்ளைகளும் அவர்தம் நண்பரும் பள்ளியில் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்கும் உரிமையைச் சட்டமாக்கியது. அச்சுவேலிப் பிள்ளையின் மச்சான் ஸ்காபரோவில் அச்சட்டத்தின் கீழ்ப் படிக்கிறான். ஒரே அம்மம்மாவின் பேரப்பிள்ளைகள் இருவர்க்கு இருவேறு நீதி.

கொழும்பிற் சட்டம் மாறவேண்டியது அவசியம். ஆனால் அதற்கெனக் காத்திராமல் இங்கேயே செய்யக்கூடியவை பல. முதலாவது, வகுப்பில் பட்டம் தெளிக்கப்படும் அக்கணத்திலேயே ஆசிரியர் ஒரு வாக்கியம் கூறவேண்டும்: "இந்த வகுப்பில் இந்தச் சொல் கூடாது." காரணம் விளக்கவோ பிள்ளையின் அந்தரங்கத்தைத் துருவவோ வேண்டியதில்லை. இரண்டாவது, வலயக் கல்வி அலுவலகங்கள் பள்ளி ஒழுக்க விதிகளை எழுதும்போது சாதி, சமயம், அங்கவீனம் என்பவற்றோடு பாலின வெளிப்பாட்டையும் பாலீர்ப்பையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். பெயர் சொல்லப்படாத குற்றத்தை எவரும் முறையிடார். மூன்றாவது, ஆலோசனை ஆசிரியர்கள் பிள்ளை கூறுவதை அதன் அனுமதியின்றிப் பெற்றோர்க்கு வெளியிடாதிருக்கப் பயிற்றப்பட வேண்டும். முறையிடாமைக்குத் தலையாய காரணம் வீடு அறிந்துவிடும் என்னும் அச்சமே. நான்காவது, போர்க்காலத்தில் சாந்திகம் முதலிய நிறுவனங்கள் வழியாக உளவளத்துணையைக் கட்டியெழுப்பிய யாழ்ப்பாணம், அவ்வனுபவத்தை இப்பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோர்க்கும் விரித்தல் தகும்.

பெற்றோர்க்குக் கூறத்தக்கது ஒன்றுண்டு. றயனின் ஆய்வு, பெற்றோர் தம் கொள்கைகளை எல்லாம் ஒரே நாளில் மாற்றவேண்டும் என்று கோரவில்லை; நிராகரிப்புக் குறையும் ஒவ்வொரு படியிலும் ஆபத்துக் குறைகிறது என்பதையே அது காட்டியது. பிள்ளையை அடிக்காதிருத்தல், அதன் நண்பரை விலக்காதிருத்தல், பிறர் அதனை இகழும்போது அதன் பக்கம் நின்று ஒரு சொல் பேசுதல் என்பன எந்தக் கொள்கையுடைய தாய்தந்தையர்க்கும் இயல்வன.

கல்வியால் உயர்ந்தோம் என்று பெருமை பேசும் ஒரு சமுதாயம், தன் பள்ளிக்குள்ளே ஒரு பிள்ளை படிப்பதற்கு வேண்டிய குறைந்தபட்ச அமைதியை ஆக்கித்தரக் கடமைப்பட்டது. அவ்வமைதிக்குக் கட்டடமோ மானியமோ தேவையில்லை. பகிடி எழும் இடத்திற் பெரியவர் ஒருவர் பேசினாற் போதும். அவர் பேசாதிருக்கும்வரை, அவ்வகுப்பில் நிகழும் வதைக்குச் சிறுவர்களை மட்டும் பொறுப்பாளிகளாக்குதல் நியாயமாகாது.